மூக்கு எப்படிப் போகும்?

காரைக்கால் துறைமுகத்தை ஒட்டிய கீழவாஞ்சூரில் நிலக்கரி லாரிகளுக்குப் பின்னால் வண்டியை நிறுத்திவிட்டு, கடல்நீர்ப் புட்டிகளோடு நின்றிருந்தபோது என்னோடு ஆய்வகத்தில் வேலை பார்த்த தெரேஸ் மேடத்தின் கணவர் அந்துவான் கூப்பிட்டார். "தெரேஸ் போயிட்டா, தம்பி. காலையில." புட்டிகளை ஆய்வகத்தில் வைத்துவிட்டுத்தான் அவர்கள் வீட்டுக்குப் போனேன். மேடம் இருந்திருந்தாலும் அதைத்தான் முதலில் செய்யச் சொல்லியிருப்பார்.

அவரை அறிந்தவர்கள் அவரைப் பொறுமைசாலி என்கிறார்கள். இல்லை. பதில் தெரியாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது, அவ்வளவுதான். கடல் நுண்பாசிகளை அவர் நுண்ணோக்கியில் வடிவம் பார்த்து இனம் பிரிப்பார், நான் மரபணு பார்த்துப் பிரிப்பேன். ஒத்துப்போனால் டீ. இல்லாவிட்டால் சண்டை.

பெரிய சண்டை டயாட்டம் என்ற ஒரு நுண்பாசியால் வந்தது. ஒற்றைச் செல், கண்ணாடிக் கூடு. ஒரே நீரில் இரண்டு விதமாகக் கிடைத்தது: நீளமானதற்கு முனைகளில் மூக்குபோல் நீட்டிக்கொண்டிருந்தது, குட்டையானது மூக்கில்லாமல் மொழுக்கென்று இருந்தது. குட்டை ஒரு புதிய இனம் என்பது மேடத்தின் கட்சி. அதற்குக் காரைக்கால் பெயரை வைத்துக் கட்டுரையும் பாதி எழுதிவிட்டார். "மேப்புல தேட வேண்டிய ஊரு நம்மளது. ஒரு பாசிக்காவது அந்தப் பேரு இருக்கட்டும்" என்பார். அப்போதே நோய் முற்றியிருந்தது. தான் வைக்கப்போகும் கடைசிப் பெயர் இது என்று அவருக்குத் தெரியும்.

மரபணுவில் இரண்டும் ஒன்றாகவே இருந்தன. சுற்றி வளைக்காமல் சொன்னேன்.

"ரெண்டும் ஒண்ணுதான் மேடம். கட்டுரையத் தூக்கிப் போடுங்க."

"நீ பாத்தது மரபணுவுல ஒரு துண்டு. நெருங்குன சொந்தக்காரங்களுக்கு அந்தத் துண்டு ஒரே மாதிரி இருக்கலாம்ப்பா. உனக்கு எழுத்து தெரியும், முகம் தெரியாது."

"முகத்த நம்புனா அண்ணன் தம்பியவே ரெண்டு இனம்னு எழுதிருவீங்க."

சிரித்துவிட்டார். டயாட்டத்தின் கூடு, மூடி போட்ட டப்பா மாதிரி. செல் பிரியும்போது பழைய பாதி மூடியாகி, அதற்குள் அடங்கும்படி புதுப் பாதி வளரும். அதனால் சந்ததி சிறுத்துக்கொண்டே போகும். அது அவருக்குத் தெரியாதா? "சிறுக்கும், சரி. மூக்கு எப்படிப் போகும்?" இதுதான் அவரைக் குடைந்தது. நீளமான ஒரே ஒரு செல்லை மெல்லிய குழாயால் உறிஞ்சியெடுத்து, குடுவையில் தனியாக வளர்க்கத் தொடங்கினார். மாதக்கணக்கில் ஆகும் வேலை. அதற்குள் கட்டுரையை அனுப்பியிருக்கலாம். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த கையோடு குடுவைக்கு நீர் மாற்ற வந்து நிற்பார்.

ஒருநாள் என் அறை வாசலில் மூச்சு வாங்க நின்றார். "ஏம்ப்பா, வந்து பாரு. மூக்கு போயிருச்சு!"

நீளத்தின் பிள்ளைகள் மொழுக்கென்று குட்டையாகக் கிடந்தன. கடலில் கிடைத்த அதே குட்டை. புது இனமில்லை, காரைக்கால் பெயருமில்லை. கட்டுரையை அவரே அழித்தார். ஜெயித்த சந்தோஷம் எனக்கு வரவில்லை, அவருக்குத்தான் வந்தது. "பேரு போனாப் போவுது. இது ரொம்பச் சிறுத்ததும் ஒருநாள் திரும்பப் பெரிசாவும். அப்ப மூக்கு வருமா? வந்தா கூப்பிடு."

அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியது அந்தக் கேள்வியும் குடுவையும்தான். அடக்கம் முடிந்த வாரம் நீர் மாற்றினேன். ஒரு சொட்டு எடுத்துப் பார்த்தபோது, குட்டைகளின் நடுவே ஒன்று மட்டும் நெடுநெடுவென்று கிடந்தது. முனையைப் பெரிதாக்கினேன்.

மூக்கு வந்திருக்கிறது, மேடம்.