எதிர்முனையில் நின்றவன்

சேலம் தாலுகா கச்சேரியில் நான் குமாஸ்தாவாகச் சேர்ந்தபோது எங்கள் தலைமைக் குமாஸ்தாவுக்கு முப்பத்தாறு வயது. வாரமெல்லாம் பட்டா, கிஸ்தி என்று விரலில் மைக்கறையோடு இருப்பவர், ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட் மட்டையைத் தொட்டால் வேறு ஆள். முழுக்கைச் சட்டையை மணிக்கட்டு வரை பொத்தானிட்டிருப்பார். பந்தை அடிக்கவே மாட்டார். தன்னைத் தாண்ட விட்டு, கடைசி நொடியில் லேசாகத் தொட்டு, விக்கெட் கீப்பருக்கு அப்பால் நழுவவிடுவார். கயிற்றுப்பாய் விரித்த கரட்டுத் தரையில் இது எப்படி வருகிறது என்று வெள்ளைக்கார அதிகாரிகளே கேட்டிருக்கிறார்கள்.

கேட்டதோடு சரி. இரண்டு முறை மாகாண அணிக்கு அவர் பெயர் அடிபட்டது. முதல் முறை ஜமாபந்தி, வருஷ வரிக்கணக்குத் தணிக்கை நேரம்; லீவு கிடைக்கவில்லை. அடுத்த முறை டைபாய்டு.

நான் நாமக்கல் பக்கம் மானாவாரிக் குடும்பம். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள். அங்கே கொஞ்சம் ஆடியிருந்ததால் ஆள் குறைந்த ஒரு நாளில் அணியில் சேர்த்துக்கொண்டார்கள். பார்க்க வந்த அப்பா மைதானத்து ஓரம் நின்று சொன்னார்: “ஏஞ்சாமி, இத்தன படிச்சது வெயில்ல நிக்கறதுக்குத்தானா? அதுக்கு நம்ம கடலக்காடே போதுமே.”

பிறகு ஒரு ஞாயிறு, மாகாண அணிக்கு ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் ஒருவர் சென்னையிலிருந்து வந்திருந்தார். பாயின் ஆணிகளை இறுக்கிக்கொண்டிருந்தபோது தலைமைக் குமாஸ்தா மெதுவாகச் சொன்னார்: “இந்தத் தடவ இல்லீன்னா இனி இல்லப்பா.”

முப்பது ரன் எடுத்துவிட்டார். எதிர்முனையில் நான். அப்போதுதான் அந்தப் பந்தை, வழக்கம்போல, பின்னால் நழுவவிட்டார். பந்து பின்னால் போனால் ஓடலாமா கூடாதா என்று சொல்லவேண்டியவன் எதிர்முனையில் நிற்பவன். அவர் கண்ணுக்கு அது தெரியாது. எனக்குத் தெரிந்தது. அங்கே ஓர் ஆள் குனிந்து பந்தை எடுத்துவிட்டான். இவரோ கிளம்பிவிட்டார்.

‘வேண்டாம்’ என்று கத்தவேண்டும். இரண்டு வருஷத்தில் அவரிடம் ‘ஆமாங்க’, ‘சரிங்க’ தவிர நான் எதுவும் சொன்னதில்லை. வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. நான் அசையாமல் நிற்பதைப் பாதி வழியில் பார்த்துத் திரும்பினார். அதற்குள் எறிந்த பந்தை வாங்கி கீப்பர் ஸ்டம்பைத் தட்டிவிட்டான்.

கூடாரத்தில் எங்கள் பந்துவீச்சாளர், செவ்வாய்ப்பேட்டை ஜவுளிக்கடைக்காரர் மகன், என்னைப் பிடித்துக்கொண்டார். “ஏனுங்க, அவரத் தாண்டி அந்தப் பக்கம் ஓடியிருந்தா நீங்க அவுட்டு, அவரு உள்ள. இது தெரியாமயா எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் பண்ணுனீங்க?”

தெரியும். ஆனால் கச்சேரி வாசற்படியைக்கூட அவரை முந்தி நான் தாண்டியதில்லை. இதை யாரிடம் சொல்வது?

சென்னைக்காரர் டிபனை முடித்துக்கொண்டு சாயங்கால ரயிலுக்குப் போய்விட்டார். கடிதம் எதுவும் வரவில்லை. தலைமைக் குமாஸ்தா என்னைத் திட்டவுமில்லை. திங்கட்கிழமை வழக்கம்போல ஒரு கட்டுக் காகிதத்தை என் மேசையில் வைத்து, “மத்தியானத்துக்குள்ள வேணும்,” என்றார். “சரிங்க,” என்றேன்.

நாலைந்து மாதம் கழித்து, வேடிக்கை பார்க்க ஆடுகள் மட்டும் இருந்த ஓர் ஆட்டத்தில், மறுபடி பந்து பின்னால் போனது. அவர் ஓரடி எடுத்துவைத்ததுமே, “வேண்டாங்க!” என்று மைதானம் அதிரக் கத்தினேன்.

அவர் நின்றார். திரும்பிப் பார்த்தார். பந்து வேலியை நோக்கி உருண்டுகொண்டிருந்தது. அதன் பின்னால் ஒருவன் மூச்சிரைக்க ஓடிக்கொண்டிருந்தான்.

“ரெண்டு ரன்னு இருந்துச்சேப்பா,” என்றார். கோபமில்லை. களைத்த குரல்.

ஆட்டம் முடிந்து நடந்தபோது மட்டையை என்னிடம் நீட்டினார். அதுவரை அதை அவர் யாரிடமும் தூக்கக் கொடுத்ததில்லை. பெரிய பாரமொன்றும் இல்லை. கச்சேரி முனை வரும்வரை அவருக்கு ஓரடி பின்னாலேயே நடந்தேன்.