லேட்டு பேரில் ஒரு பெட்டி

லேட்டு ஒருநாள்கூட வேலைக்குத் தாமதமாகப் போனதில்லை. லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டது என்று போன் வந்தால், உள்ளே மாட்டிக்கொண்டவர் அலுத்துப்போய் உட்காருவதற்குள் கருவிப்பையோடு வந்து நிற்கிற ஆள். ஆனாலும் கம்பெனியில், தெருவில், மாமனார் வீட்டில், எல்லோருக்கும் அவர் லேட்டுதான். காலமானவர்களின் பேருக்கு முன்னால் போடுகிறோமே ஒரு 'லேட்', அந்த லேட். லிஃப்ட் மெக்கானிக் என்பதால் கிண்டலுக்கு இன்னும் வசதி. ஆள் எங்கே என்று யாராவது கேட்டால், "மேல போயிட்டாரு" என்பார்கள். இதைச் சொல்லிச் சிரிக்காதவர் அந்தக் கம்பெனியில் இல்லை, மேனேஜர் உட்பட.

அவர் ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது ஆரம்பித்த வினை இது. கட்டி முடிக்காமல் விட்டிருந்த ஒரு தண்ணீர்த் தொட்டியை இடிக்கப் போனவர்கள், அடியில் ஒரு குழந்தையின் எலும்புகளைப் பார்த்தார்கள். மண்டையில் அடிபட்ட விரிசல் இருந்தது. கூடவே மக்கிய பள்ளிக்கூடச் சட்டை ஒன்று. காலருக்கு உட்புறம் சிவப்பு நூலால் முழுப்பேர் தைத்திருந்தது. பாதி வேலை மிச்சம் என்று போலீஸ்காரர்கள் சந்தோஷப்பட்டார்கள். பள்ளிக்கூடத்தில் விலாசம் வாங்கி, பெற்றவளிடம் எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்து, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு ஏட்டு கதவைத் தட்டினார். இறந்தவன் கதவைத் திறந்தான்.

"தம்பி, வீட்ல பெரியவங்க இருக்காங்களா? உங்க அண்ணன் விஷயமா வந்திருக்கோம்" என்றார் ஏட்டு.

"எனக்கு அண்ணன் இல்லையே" என்றான் பையன்.

பேரைச் சொன்னார். அது நான்தான் என்றான். ஆயுசு நூறு என்று ஏட்டின் வாயில் வந்துவிட்டது. அதற்குள் அம்மா வந்தாள். சட்டையைக் காட்டி, "இது யாருதும்மா?" என்று கேட்டார்கள். அம்மா சட்டையைப் பார்த்தாள், பையனைப் பார்த்தாள், பையனை இழுத்து முதுகுக்குப் பின்னால் நிறுத்திக்கொண்டாள்.

"எங்களுது இல்ல."

"பேர் இருக்கே."

"எங்களுது இல்லைங்க."

அத்தோடு விசாரணை முடிந்தது. சட்டைக்குரிய பையன் உயிரோடு இருக்கிறான், ஆகவே செத்தது அவன் இல்லை. அப்படியானால் செத்தது யார் என்று கேட்கும் அளவுக்கு அன்று யாருக்கும் பொழுது இல்லை. எலும்புகளை ஒரு மரப்பெட்டியில் வைத்தார்கள். பேர் எழுதாமல் பெட்டியை உள்ளே சேர்க்க மாட்டேன் என்றார் சாட்சிப்பொருள் அறையைப் பார்த்துக்கொண்டவர். சரி, இப்போதைக்கு இருக்கட்டும் என்று காலரில் இருந்த பேரையே எழுதினார்கள். இப்போதைக்கு என்று வைத்த எதை நாம் பிறகு எடுத்திருக்கிறோம்? பெட்டியும் பேரும் அப்படியே இருந்தன.

அதற்குப் பிறகு ஸ்டேஷனுக்கு எந்தப் புது இன்ஸ்பெக்டர் வந்தாலும், தூசி தட்டி எடுக்கிற முதல் வழக்கு இதுதான். இறந்தவர் வீடு இதுதானே என்று ஆள் வருவார். லேட்டு நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்து, ஆமாம் சார், நான்தான் இறந்தவர் என்பார். வந்தவர் ஏமாற்றத்தோடு போவார். பெண் பார்த்த சமயத்தில் மாமனார் காதுக்கு விஷயம் போய், மாப்பிள்ளையை ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் சம்மதித்தார். மனைவிக்கு மட்டும் இதில் சிரிப்பு வரவில்லை. "உசிரோட இருக்கற மனுஷனை ஒரு நாய்கூடத் தேடி வர்றதில்ல, செத்தவரைத் தேடி மாசத்துக்கு ஒருத்தர் வர்றாங்க" என்பாள்.

லேட்டு இதையெல்லாம் பொறுத்துக்கொண்டார். பொறுக்க முடியாமல் போனது விமான நிலையத்து வேலையால்தான். அங்கே லிஃப்டுகளைப் பார்த்துக்கொள்ள நிரந்தர ஆள் வேண்டும் என்றார்கள். நல்ல வேலை, மழையில் மொட்டைமாடி மொட்டைமாடியாக ஏற வேண்டாம், முழங்கால் தப்பிக்கும். தேர்வில் அவரைத்தான் எடுத்தார்கள். போலீஸ் நற்சான்றிதழ் ஒன்று மட்டும் பாக்கி. ஸ்டேஷனில் சாட்சிப்பொருள் அறையையும் சான்றிதழையும் இப்போது ஒரே ஆள் பார்த்தார். பெட்டிக்காரர் என்று அவருக்குப் பேர். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு லேட்டுவை மேலும் கீழும் பார்த்தார்.

"உங்க பேர் ஒரு கொலை கேஸ்ல இருக்கு."

"நான் குத்தவாளி இல்லைங்க."

"குத்தவாளின்னா சுலபம். தண்டனை முடிஞ்சதும் குடுத்துடலாம். நீங்க கொலையானவர். கொலையானவருக்கு நன்னடத்தைன்னு எதை வெச்சு எழுதறது?"

"சார், நான் உங்க முன்னாடிதான் நிக்கறேன்."

"நிக்கறீங்க, நான் இல்லைன்னு சொல்லல. பெட்டியில உங்க பேர் இருக்கே. அதை எடுக்கணும்னா வேற பேர் வேணும். பேரில்லாத பெட்டி அலமாரியில இருக்கக் கூடாது."

எள்ளுதான் எண்ணெய்க்குக் காய்கிறது, எலிப்புழுக்கை எதற்குக் காய வேண்டும் என்று லேட்டுவுக்கு அன்று அழுகையே வந்தது. யாரோ ஒரு பாவி யாரோ ஒரு பிள்ளையைக் கொன்றான், அதற்கு இவர் முழங்கால் தேய வேண்டுமா? ஆனால் வாசலுக்கு வந்தபோது வேறொன்று உறைத்தது. இத்தனை வருஷமாகத் தன் பேரைப் பற்றியே கவலைப்பட்டவர், பெட்டிக்குள் இருப்பது யார் என்று அன்றுதான் முதல்முறையாக நினைத்தார். வெட்கமாக இருந்தது. திரும்பிப் போய் இன்ஸ்பெக்டரைப் பார்த்தார்.

புதிதாக வந்திருந்த இன்ஸ்பெக்டர் ஒரு பெண். எல்லோரும் இன்ஸ்பெக்டரம்மா என்றார்கள். அவர் பெட்டியைப் பரிசோதனைக்கு அனுப்பினார். பல்லிலிருந்து மரபணு எடுத்துப் பார்த்ததில், அது பெண் குழந்தை என்று பதில் வந்தது. ஆறு வயது இருக்கலாம். இத்தனை காலமும் போலீஸ் ஒரு பையனைத் தேடியிருக்கிறது.

பெட்டிக்காரர் கடமை தவறாதவர். அன்று மாலையே திருத்தம் போட்டுவிட்டு லேட்டுவுக்கு போன் செய்தார். "உங்க விஷயத்துல முன்னேற்றம். நீங்க பொண்ணுன்னு மாத்தியாச்சு."

"நானா?"

"பெட்டியில இருக்கற நீங்க. பேர் இன்னும் வரல, அதனால பேர் அப்படியே இருக்கு."

சாண் ஏறினால் முழம் சறுக்கும் என்பது லிஃப்ட் மெக்கானிக்குக்குப் புதிதல்ல. இதுவரை செத்தவராக மட்டும் இருந்தவர், இப்போது செத்த பெண்மணி ஆனார். மனைவி முதல்முறையாகச் சிரித்தாள், வெகுநேரம் சிரித்தாள்.

இன்ஸ்பெக்டரம்மா சிரிக்கவில்லை. சட்டையைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார். அம்மா இப்போது கண் மங்கி, கட்டிலோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். போலீஸ் என்றதும் வழக்கம்போல, "எங்களுது இல்ல" என்று கேள்விக்கு முன்பே பதில் சொன்னாள்.

இன்ஸ்பெக்டரம்மா கட்டிலில் பக்கத்திலேயே உட்கார்ந்தார். "யாருதுன்னு நான் கேக்கலம்மா. இவருக்குச் சின்னதாப் போனதும் இதை யாருக்குக் குடுத்தீங்க?"

இத்தனை பேர் வந்தும் ஒருவரும் கேட்காத கேள்வி அது. யாருது என்று கேட்டார்களே தவிர, யார் போட்டுக்கொண்டார்கள் என்று கேட்கவில்லை. அம்மா சட்டையை வாங்கி, காலரைத் திருப்பி, கண்ணால் பார்க்காமல் விரலாலேயே நூலைத் தடவினாள்.

"இது நான் தெச்சது" என்றாள். "அன்னைக்கு ஆமான்னு சொல்லியிருந்தா, செத்தது எம்புள்ளைன்னு ஆயிடும்னு பயந்தேன். வாய் வார்த்தை பலிச்சுடும்னு பயம். அப்புறம் வந்தவங்ககிட்ட எப்படி மாத்திச் சொல்றது?"

பிறகு எல்லாம் வந்தது. லேட்டுவின் அப்பாவுக்கு ஆஸ்பத்திரியில் குடல் ஆபரேஷன் நடந்தபோது, கை துடைக்க என்று பழைய சட்டையைப் பையில் திணித்துக்கொண்டு போயிருந்தாள். பக்கத்துக் கட்டில்காரரின் மனைவியோடு ஒரு சின்னப் பெண் இருந்தாள். அது வாந்தியெடுத்து கவுனெல்லாம் நனைந்து, மாற்றுத்துணி இல்லாமல் நடுங்கியது. அம்மா சட்டையை உதறிப் போட்டுவிட்டாள். குழந்தைக்கு முழங்கால் வரை வந்தது. பேர் ஞாபகம் இல்லை. அந்த மனுஷன் பிஸ்கட் ஃபேக்டரியில் அடுப்படி வேலை செய்ததும், கை வெந்து வந்திருந்ததும் மட்டும் ஞாபகம் இருந்தது.

லேட்டுவுக்குக் கோபம் தலைக்கு ஏறியது. "ஏம்மா, இதை முன்னாடியே சொல்றதுக்கு என்ன?"

"நீ இருந்தாப் போதும்னு இருந்துட்டேன்டா" என்றாள் அம்மா. "அங்கயும் ஒரு அம்மா இருப்பான்னு நான் நெனைக்கல." சட்டையை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள்.

பிஸ்கட் ஃபேக்டரி வேறு ஊரில் இருந்தது. அந்த ஊர் ஸ்டேஷனில் காணாமல்போன சிறுமி ஒருத்தியைப் பற்றிய பழைய புகார் இருந்தது. அவர்கள் பெண் குழந்தையைத் தேடினார்கள், இவர்கள் பையன் யார் என்று தேடினார்கள், இரண்டும் எங்கே சந்திக்கும்? அந்தச் சிறுமியின் தாயிடம் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். பொருந்தியது. கொன்றவன் யார் என்பது இன்னும் தெரியவில்லை. ஆனால் யாரை என்பது தெரிந்துவிட்டது, இனி தேடுவதற்கு ஒரு தொடக்கம் இருக்கிறது என்றார் இன்ஸ்பெக்டரம்மா.

பெட்டியை ஒப்படைக்கிற அன்று லேட்டுவையும் வரச் சொன்னார்கள். பேருக்குச் சொந்தக்காரர் நேரில் வந்து விட்டுக்கொடுத்தால்தான் பேரை எடுக்க முடியுமாம். விமான நிலையத்துக்காரர்கள் அந்த வாரம் வரை பொறுப்போம் என்று சொல்லியிருந்தார்கள். நல்ல சட்டை போட்டுக்கொண்டு போனார்.

குழந்தையைப் பெற்ற அம்மாள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மெலிந்த கை, நரைத்த தலை. அவளுடைய கணவர் போன வருஷம்தான் இறந்தார் என்று யாரோ சொன்னார்கள். பெட்டிக்காரர் மூடியில் இருந்த பேரை வாசித்ததும் அவள் நிமிர்ந்தாள்.

"இன்னொரு தடவை சொல்லுங்க."

"அது பழைய பேரும்மா, தப்பான பேரு. இப்ப எடுத்துடுவோம்" என்றார் பெட்டிக்காரர். "இவருதான் அந்தப் பேருக்காரர்."

அவள் லேட்டுவைப் பார்த்தாள். அவர் எதற்கென்று தெரியாமல் கைகூப்பினார்.

"எம்பொண்ணு அப்பதான் எழுத்துக் கூட்டிப் படிக்க ஆரம்பிச்சிருந்தா" என்றாள். "அந்தக் காலர்ல இருந்ததை ஒவ்வொரு எழுத்தா வாசிச்சுட்டு, இனிமே இதுதான் எம்பேருன்னுட்டா. சட்டையைக் கழட்ட மாட்டா. நாங்க வெச்ச பேரைச் சொல்லிக் கூப்பிட்டா திரும்பிப் பார்க்க மாட்டா. உங்க பேரைச் சொல்லிக் கூப்பிட்டாத்தான் ஓடி வருவா. அவளைத் தேடி அலைஞ்சப்பகூட ரெண்டு பேரையும் சொல்லித்தான் கூப்பிட்டோம்."

பெட்டிக்காரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், போட்டுக்கொள்ளவில்லை. பிறகு பேனாவை லேட்டுவிடம் நீட்டினார். ஒரே ஒரு கையெழுத்து, அதோடு சனியன் விட்டது. லேட்டு பேனாவை வாங்கினார். மூடியைப் பார்த்தார். அந்த எழுத்துகளை வாழ்நாளெல்லாம் வெறுத்திருக்கிறார்.

"சார், அவங்க வெச்ச பேரை மேல எழுதுங்க" என்றார். "என் பேரு கீழ அப்படியே இருக்கட்டும்."

"ரெண்டு பேர் இருந்தா உங்க கேஸ் முடியாது. சான்றிதழ் கிடைக்காது. ஏர்போர்ட் வேலை?"

"முழங்காலுக்குத் தைலம் போட்டுக்கறேன்." பேனாவை மேஜையில் வைத்தார். "குழந்தையைக் கூப்பிட்டா அது திரும்பணும்ல சார்."

பெட்டி அப்படி ஒன்றும் கனமில்லை. ஆனாலும் அந்த அம்மாளுக்குப் படியிறங்கக் கஷ்டம் என்று, லேட்டுவே அதைத் தூக்கிக்கொண்டு வண்டி வரைக்கும் கூடப் போனார்.