கொழுந்தோடு சிரித்த படம்

அம்மாவின் கருமாதிக்கு மாலை போட ஒரு படம் வேண்டியிருந்தது. வீட்டில் இல்லை. போனைத் தூக்கினாலே முந்தானையால் முகத்தை மூடிக்கொள்கிறவள் அவள். ஒரே ஒரு படம் இருந்தது. அதுவும் என்னால் இல்லாமல் போனது.

நான் கொழும்பில் ஒரு துணிக்கடையில் நிற்கிறேன். என்னோடு வேலை செய்கிறவர்கள் மலைநாட்டுக்குச் சுற்றுலா வந்து, தேயிலைக்குள் குடும்பமாக நின்று எடுத்த படங்களைக் காட்டுவார்கள். பார்த்துப் பார்த்து எனக்கும் ஆசை வந்தது. போன தீபாவளிக்கு எங்கள் ஸ்பிரிங்வெளி தோட்டத்துக்கு வந்தபோது, பதுளையில் கல்யாணப் படம் எடுக்கிற ஒரு அண்ணனைக் கூட்டிவந்தேன். ஞாயிற்றுக்கிழமை, மலையில் வேலை இல்லை. எங்கள் லயத்து வீடுகளுக்கு மேலே இருக்கிற தேயிலைக்குள் அப்பா, அம்மா, தங்கச்சி, நான் நாலு பேரும் புதுத்துணியோடு போய் நின்றோம்.

அம்மாவால் சும்மா நிற்க முடியவில்லை. செடி இடுப்பில் பட்டதும் கை தானாகக் கொழுந்து கிள்ள ஆரம்பித்துவிட்டது. தலையும் குனிந்துவிடும். கிள்ளியதைப் புதுச்சேலையின் மடியில் போட்டுக்கொண்டாள்.

“அம்மா, இன்னைக்கு வேலையில்ல. கைய கீழ போடு.”

“போட்டா திரும்ப வந்துருதுடா. இந்தா பாரு, நாளைக்குள்ள முத்திப்போயிரும். எப்புடி விட்டுட்டு நிக்கிறது?”

“கொழுந்து நிறுக்க இன்னைக்கு யாரும் வரமாட்டாங்கம்மா,” என்றார் அந்த அண்ணன். “வேணும்னா நானே நிறுத்துத் தாறேன். இங்கிட்டுப் பாருங்க.”

அம்மா நிமிர்ந்து வாய்விட்டுச் சிரித்தாள். அவர் எடுத்துவிட்டார். கேமராவிலேயே காட்டினார். அம்மாவின் முகம் முழுசாக விழுந்தது அதில் மட்டும்தான். கை நிறையக் கொழுந்து.

எனக்குப் பிடிக்கவில்லை. கடையில் நான் பதுளை டவுன்காரன் என்று சொல்லிவைத்திருந்தேன். எனக்குத் தேயிலை வேண்டும், கொழுந்து பறிக்கிறவள் வேண்டாம். அம்மா இருந்த எல்லாப் படத்தையும் அழிக்கச் சொன்னேன்.

“இது நல்லாத்தானே இருக்கு தம்பி.”

“அழிங்கண்ணே.”

அம்மாவை ஓரமாகப் போகச் சொல்லிவிட்டு நாங்கள் மூன்று பேர் நின்று ஒன்று எடுத்தோம். அதைத்தான் கடையில் காட்டினேன். அம்மா எங்கே என்று கேட்டார்கள். அவங்கதான் எடுத்தாங்க என்றேன்.

மாசியில் அம்மாவுக்குக் காய்ச்சல். நான் பஸ் ஏறுவதற்குள் போய்விட்டாள்.

அந்த அண்ணனுக்குப் போன் பண்ணி, எங்கேயாவது ஒன்று இருக்குமா என்று கெஞ்சினேன். “நீதானே தம்பி அழிக்கச் சொன்ன,” என்றார்.

கடைசியில் அடையாள அட்டையில் இருந்த பழைய முகத்தை எடுத்து, யாருடைய உடம்பிலோ ஒட்டி, பட்டுச்சேலையும் சங்கிலியும் போட்டு ஒரு ஸ்டூடியோவில் செய்து கொடுத்தார்கள். அது அம்மா இல்லை என்று தங்கச்சி அந்தப் பக்கமே வரவில்லை. அப்பா ஒருமுறை பார்த்துவிட்டு மாலையை என் கையில் கொடுத்தார்.

கருமாதிக்கு அம்மாவோடு கொழுந்து பறித்த பொம்பளைகள் எல்லாரும் வந்தார்கள்.

“யாருடி இது?” என்று ஒருத்தி கேட்டாள்.

“சும்மா இரு. புள்ள ஆசையா செஞ்சு வச்சிருக்கு,” என்றாள் இன்னொருத்தி.

அம்மாவுக்குப் பக்கத்து நிரையில் பறிக்கிற அத்தை என் கையைப் பிடித்தாள்.

“தீவாளிக்கு எடுத்தீங்களே, அந்தப் படம் எங்கேப்பா? கையில கொழுந்தோட சிரிச்சிட்டேன், எம் மகன் அதக் கொழும்புக்குக் கொண்டுபோயிருக்கான்னு மலையில எல்லாருகிட்டயும் சொன்னா. வரட்டும், காட்டுறேன்னா.”

“அது சரியா விழல அத்தை,” என்றேன்.