போகியன்று விலக்கப்பட்ட வீடு

நன்னடத்தை அதிகாரியாக நான் பொறுப்பேற்ற முதல் ஆண்டில், மலாக்காவின் கஜா பெராங்கைச் சேர்ந்த ஒரு விதவையைச் சிறைக்கு அனுப்ப என் அலுவலகமே முனைந்தது. இறந்த கணவனுக்குப் படையல் சமைத்ததுதான் அவள் செய்த குற்றம். இத்தனை ஆண்டுகள் கழிந்த பின்னும் அதை நிதானமாக எழுத எனக்கு வரவில்லை.

அவள் மலாக்காச் செட்டிக் குடும்பத்து மருமகள். கோயிலும் பொங்கலும் நம்முடையவைதாம். வீட்டுப் பேச்சு மட்டும் மலாய். கணவன் இறந்ததும் அவனுடைய அண்ணன் அவளை வீட்டைவிட்டு வெளியேற்றினான். புறப்படும்போது அவள் அலமாரியிலிருந்த தன் கல்யாணக் கெரோசாங்கை, கெபாயாச் சட்டையில் குத்தும் பொன் ஊசியை, எடுத்துக்கொண்டாள். அவன் திருட்டுப் புகார் கொடுத்தான். நீதிமன்றத்தில் எடுத்தாயா என்று கேட்டார்கள், எடுத்தேன் என்றாள். அது யாருடையது என்று எவரும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டியவர்கள் நாங்கள். குற்றம் சாட்டப்பட்டவரின் வாழ்வை விசாரித்து நீதிபதிக்குத் தெரிவிக்கத்தான் எங்கள் பதவியே இருந்தது. எனக்கு முன்பிருந்தவர் அந்த வீட்டுப் படியைக்கூட மிதித்ததில்லை. சிறைக்குப் பதிலாக இரண்டாண்டு நன்னடத்தைப் பிணை விதித்தார்கள். புகார் கொடுத்தவனின் வீட்டுக்குள் அவள் நுழையக் கூடாதென்பது நிபந்தனை.

மெர்டேக்காவுக்கு, மலாயாவின் விடுதலைக்கு, பின் வந்த முதல் போகி நெருங்கியது. அன்று செட்டி வீடுகளில் முன்னோருக்கு இலை போட்டுப் படைப்பார்கள். மகனுக்கான இலைக்கு மருமகள்தான் சமைக்க வேண்டுமென்று மாமியார் சொல்லியனுப்பியிருந்தார். உஜோங் பாசிரில் ஓர் அறையில் குடியிருந்த அவள், சொல்லாமல் போய்விடவில்லை. என்னிடம் வந்து அனுமதி கேட்டாள். அந்த ஒரு நாளுக்கு நிபந்தனையைத் தளர்த்தும்படி நீதிமன்றத்தில் விண்ணப்பிக்கலாம் என்று என் மேலதிகாரியிடம் சொன்னேன். அவர் சிரித்தார்.

"சோறாக்க ஒரு மனுவா, தம்பி? அப்புறம் தீபாவளிக்கு முறுக்குச் சுட ஒண்ணு போடுவீங்க. பொங்கல் முடியட்டும்லா, பாத்துக்கலாம்."

அந்தப் பதிலை அவளிடம் மலாயில் சொன்னேன். அவள் கேட்டது ஒன்றுதான்: "போகி பொறுத்திருக்குமா, துவான்?"

போகியன்று அவள் போனாள், சமைத்தாள், படைத்தாள். கணவனின் அண்ணன் எல்லாரோடும் உட்கார்ந்து வயிறு நிறையச் சாப்பிட்டான். கை கழுவிவிட்டு நேராகக் காவல் நிலையத்துக்குப் போய், விலக்கப்பட்டவள் வீட்டுக்குள் நுழைந்துவிட்டாள் என்று எழுதிக்கொடுத்தான்.

பிணையை ரத்துசெய்து அவளைச் சிறைக்கு அனுப்பும்படி எங்கள் அலுவலகம் நீதிமன்றத்தைக் கேட்டது. அறிக்கை எழுதும் பொறுப்பு என்னுடையது. அவள் முன்கூட்டியே அனுமதி கேட்டாள் என்று எழுதினால், தெரிந்தே மீறினாள் என்றாகும். சிறைக் கதவு இன்னும் அகலமாகத் திறக்கும். எழுதாவிட்டால், சட்டத்தை மதித்து எங்கள் வாசலுக்கு வந்த பெண் சட்டத்தைப் பொருட்படுத்தாதவளாகிவிடுவாள். இரண்டு நாள் யோசித்தேன். அவள் கேட்டதையும் எழுதினேன், நாங்கள் சொன்ன பதிலையும் எழுதினேன். பதிலை மட்டும் அடித்துவிடச் சொன்னார் மேலதிகாரி. அடித்தால் மொத்த அறிக்கையையும் திரும்பப் பெறுவேன் என்றேன். அன்றிலிருந்து அவர் என்னைத் தம்பி என்று அழைக்கவில்லை.

விசாரணையன்று மாமியார் யாரும் அழைக்காமலே எழுந்து நின்றார். உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை. மூத்த மகனைப் பார்த்தபடி மலாயில் பேசினார்.

"நான்தான் கூப்பிட்டேன். செத்தவனும் என் பிள்ளை. இவன் இரண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். அப்போது யார் ஆக்கினது என்று தெரியவில்லையா?"

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். நீதிபதி என் அறிக்கையை மறுபடி படித்தார். அவளைச் சிறைக்கு அனுப்பவில்லை. நிபந்தனையை நீக்கவும் இல்லை. வீடு புகார்தாரருடையது, அவர் விரும்பவில்லை என்றார். ஊட்டியவளுக்குத் தடை நீடித்தது. உண்டுவிட்டுக் காட்டிக்கொடுத்தவனுக்கு ஒரு சொல் கண்டனம்கூட இல்லை.

அடுத்த போகிக்கு மாமியார் இளைய மகனின் படத்தைச் சுவரிலிருந்து கழற்றித் துணியில் சுற்றி, பேச்சா என்னும் மூன்று சக்கர மிதிவண்டியில் உஜோங் பாசிருக்குப் போனார். அந்தச் சிறிய அறையின் தரையில் இலை போட்டார்கள். கஜா பெராங்கில் மூத்தவன் தனியே சாப்பிட்டானாம்.

அந்த மாத அறிக்கையில், நிபந்தனை மீறப்படவில்லை என்று எழுதினேன். என் மேலதிகாரி அதன்கீழ் "நன்று" என்று எழுதிக் கையொப்பமிட்டார்.