கத்தரி இல்லாத நாளில் கிடைத்த வேடம்

தம்பி ஜெயித்தவற்றை அக்கா வரிசையாகச் சொல்வாள். பதினோராம் நம்பர் பாதத்தைக் குதியுயர்ந்த செருப்புக்குள் திணித்து நடந்து, ஓட்டல் ஆண்டுவிழா அழகிப் போட்டியில் இரண்டாம் பரிசு. முன்மண்டை வழுக்கையான பிறகு ‘கூந்தல் ராணி’ பட்டம். தகர டப்பாக் குரல் என்று பள்ளிப் பாட்டுக் குழுவிலிருந்து துரத்தப்பட்டவனுக்கு, தொலைக்காட்சியில் சிறந்த நகைச்சுவை நடிப்புக்கான விருது. அதுவும் இரண்டு முறை. இதில் தன் பங்கு என்ன என்று யாராவது கேட்டால், ‘மறதி’ என்பாள்.

அவள் எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள். சலவைக்கடையின் பின்னறையில் கால்சட்டை ஓரம் மடித்துத் தைப்பது வேலை. எடுத்த அளவையே மறுபடி எடுப்பாள். வீட்டில் இதற்கு ‘அக்கா வியாதி’ என்று பெயர். பெண் வேடம் போட்டு ஓட்டல் மேடைகளில் ஆடிப் பாடும் தம்பியின் கவுன்கள் எல்லாம் அந்த வியாதிக்குப் பிறந்தவை.

ஆடும்போது முதுகு ஜிப் பிளந்துகொள்ளும். பார்வையாளர்கள் அதற்கும் சேர்த்துத்தான் கைதட்டினார்கள். மானம் போனது அக்காவுக்கு. அதிலிருந்து அவன் கவுனுக்குள் நுழைந்ததும் முதுகைக் கையாலேயே தைத்து மூடிவிடுவாள். ஆட்டம் முடிந்ததும் கத்தரியால் பிரித்து அவனை வெளியே எடுப்பாள்.

ஒரு தொலைக்காட்சித் தொடரில், குடியிருப்பவர்களை ஆட்டிவைக்கும் வீட்டுக்காரம்மா வேடத்துக்கு ஆள் தேடினார்கள். தம்பிக்கு முழங்கால் தேய ஆரம்பித்திருந்தது. இது கிடைக்காவிட்டால் கவுன்களை மூட்டை கட்டிவிட்டு, அப்பா பார்த்து வைத்த மின்சாமான் கடை வேலைக்குப் போவதாக வாக்குக் கொடுத்திருந்தான். தயாரிப்பு மேலாளரோ அவனை மேலும் கீழும் பார்த்து, வீட்டுக்காரம்மாவின் அண்ணனாக ஒரு போலீஸ்காரன் வருகிறான், இரண்டே காட்சி, அது போதாதா என்றார். இரண்டையும் நடித்துக் காட்டட்டும் என்றார் இயக்குநர்.

முதலில் வீட்டுக்காரம்மா. இடுப்பை ஆட்டினான், கண்ணை உருட்டினான். ஒருவரும் சிரிக்கவில்லை. மாற்றிக்கொண்டு போலீஸ்காரனாக வரச் சொன்னார்கள்.

பக்கத்து அறையில் அக்கா பையைக் கவிழ்த்தாள். அளவு நாடா இருந்தது, ஊசிகள் இருந்தன, நிறத்துக்கு ஒன்றாக நூல்கண்டுகள் இருந்தன. கத்தரி இல்லை. மறந்துவிடக் கூடாதென்று முந்தின நாளே அதை வீட்டு மேசைமேல் தனியாக எடுத்து வைத்திருந்தாள். அந்த அலுவலகத்திலும் ஸ்டேப்ளரைத் தவிர வேறு ஆயுதம் இல்லை. பல்லால் கடித்துப் பார்த்தாள்.

“அக்கா, அது நூல் இல்ல, என் முதுகு.”

“ஆடாம நில்லுடா. ரெட்டை நூல் போட்டுட்டேன்.”

“எதுக்கு ரெட்டை?”

“முக்கியமான நாளாச்சேன்னு.”

அதற்குள் இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டார்கள். அவன் பொய்க்கூந்தலைக் கழற்றி, வழுக்கையில் அவர்கள் கொடுத்திருந்த போலீஸ் தொப்பியை வைத்துக்கொண்டு அதே கவுனோடு போய் நின்றான். ஏன் மாற்றவில்லை என்று மேலாளர் சீறினார். அவன் அவரைச் சுற்றி ஒரு நடை நடந்தான். அவர் சட்டைக் கையை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தான்.

“இந்தக் கை அரை விரல் தூக்கி நிக்குது. யாரு தைச்சா? அளவெடுத்தாங்களா, இல்ல தூரத்துல இருந்து பார்த்தாங்களா? இதப் போட்டுக்கிட்டு எனக்கு ஆம்பள வேஷம் குடுக்க வந்துட்டீங்க.”

கேமராக்காரரின் தோள் குலுங்கியது. இயக்குநர் வாயைப் பொத்திக்கொண்டார். கதவோரம் நின்ற அக்காவும் சிரித்தாள், யாருடைய குரல் அது என்று உறைக்கும்வரை. அந்த இழுப்பு, அந்த நொட்டை, சொல்லி முடித்ததும் உதட்டைப் பிதுக்குவது, எல்லாம் அவளுடையது. இத்தனை வருஷமாக இவன் கவுனுக்கு அளவு கொடுத்துக்கொண்டே அவளையும் அளவெடுத்திருக்கிறான்.

“போலீஸ்காரனுக்கு வேற ஆளப் பார்த்துக்கலாம்,” என்றார் இயக்குநர்.

ஒப்பந்தத்தாளை மேசையில் வைத்துத் திரையில் என்ன பெயர் போடுவது என்று கேட்டார்கள். அதுவரை ஓட்டல்காரர்கள் வைத்ததுதான் அவன் பெயர்: ஒரு வாரம் மர்ம அழகி, மறுவாரம் கூந்தல் ராணி. சொந்தப் பெயர் சுவரொட்டியில் வரக் கூடாது என்பது அப்பாவின் கட்டளை. தம்பி அக்காவைப் பார்த்தான். எழுத்து கோணாமல் போடு என்று மட்டும் சொன்னாள். தோள் இறுக்கத்தில் கை பாதிதான் நீண்டது. கவுனோடு குனிந்து, அப்பாவின் முதலெழுத்தை முன்னால் போட்டு, தன் பெயரை முழுதாக எழுதினான். அன்று 2013 மார்ச் 14, வியாழக்கிழமை.