துரை தின்ற இலை

மழை விட்ட மாலை வேளைகளில் கிடாவின் மொச்சை வாடை ஒரு பக்கமிருந்தும், செம்பருத்தி வேலிக்கு அப்பால் பக்கத்து வீட்டில் பெலாச்சான் என்னும் இறால் விழுதைச் சுடும் வாடை மறுபக்கமிருந்தும் வந்து எங்கள் கொல்லையில் முட்டிக்கொள்ளும். வெளியூர் உறவினர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு, “எப்படித்தான் இருக்கீங்களோ” என்பார்கள். எனக்கும் என் தம்பி குணாவுக்கும் அதுதான் வீட்டின் வாசம். பள்ளிக்கூடம் விட்டு காஜா பேராங் சாலையில் நடந்து வரும்போது அந்த இரண்டு வாடையும் மூக்கில் ஏறினால்தான் பசியே எடுக்கும்.

கொல்லை முழுவதும் தாத்தாவின் ராஜ்ஜியம். அம்மாவைப் பெற்ற அந்த ஆறுமுகத் தாத்தா, சப்பானியர் காலத்தில் ரப்பர் தோட்டத்திலிருந்து சயாம் ரயில் பாதை போடப் பிடித்துச் செல்லப்பட்டு, போனவர்களில் பெரும்பாலோர் திரும்பாதபோது திரும்பி வந்தவர். வந்த பிறகு தோட்டத்துக்குப் போக மனமில்லாமல் மலாக்காவிலேயே மகள் வீட்டோடு தங்கி, ஆடு, வாத்து, நாட்டுக்கோழி என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தார். கணுக்காலில் சயாம் தந்த தழும்பு பளபளவென்று இருக்கும். அதைப் பற்றிக் கேட்டால், “கோழிக்குத் தண்ணி வச்சியா?” என்று பதிலுக்கு ஒரு கேள்வி கேட்பார். பேரப்பிள்ளைகளான எங்களுக்கு வேலைக்குக் குறைவில்லை. நான் வாத்து முட்டை பொறுக்க வேண்டும், குணா தவிடு பிசைய வேண்டும், இருவருமாக பலா இலை ஒடித்து வர வேண்டும்.

கூட்டத்தில் பெரியவன் ஒரு வெள்ளைக் கிடா. நிறத்துக்காகவும் நடைக்காகவும் அவனுக்கு “துரை” என்று பெயர். தலையை நிமிர்த்தி, யாரையும் மதிக்காமல், கயிற்றைக் கடித்து அறுத்துக்கொண்டு அடுத்தவர் தோட்டத்தில் நுழைந்து, துரத்தினால் நிதானமாகத் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் நகர்வான். மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வரப்போகிறது என்று ஊரெல்லாம் பேச்சாக இருந்த காலம் அது. “எல்லா தொரையும் கப்பலேறப் போறான், இந்தத் தொர மட்டும் நம்ம கீரையத் தின்னுட்டு இங்கயேதான் இருப்பான்” என்று அம்மா அலுத்துக்கொள்வார்.

அம்மாவுக்கு ஆட்டின் மேல் இருந்த கோபத்தில் பாதி உண்மையில் தாத்தாவின் மேல்தான். ஊரில் யார் வீட்டில் எது நடந்தாலும் தாத்தா முதல் ஆளாக நிற்பார். பிள்ளை பெற்ற வீட்டுக்கு வாத்து முட்டை, இழுப்பு நோய்க்கார மலாய்க்காரப் பிள்ளைக்கு ஆட்டுப்பால், எழவு வீட்டுக்கு மூங்கில் வெட்ட அவருடைய கத்தி. மாரியம்மன் கோயில் அன்னதானத்தில் அடுப்பு அவர் பொறுப்பு. பந்தி முடிந்ததும் சாப்பிட்ட வாழை இலைகளைக் கோணியில் அள்ளி வந்து ஆடுகளுக்குப் போடுவார். “ஊருக்கெல்லாம் உழைக்கிறீங்க, வீட்டுக் கூரை ஒழுவுது, அது தெரியல” என்று அம்மா சத்தம் போட்டால், “திரும்பி வந்தவன் சும்மா உக்காந்திருக்கக் கூடாதும்மா” என்று மட்டும் சொல்வார். கோயில் இலையில் வளர்ந்த துரைக்கு ஒரு நம்பிக்கை வேரூன்றிவிட்டது. தரையில் விரித்த வாழை இலை உலகத்தில் எங்கே கிடந்தாலும் அது தனக்காகப் போட்டது என்று நினைத்துக்கொண்டான்.

வேலிக்கு அப்பால் இருந்தது மாக் மீனாவின் வீடு; மலாயில் ‘மாக்’ என்றால் அம்மா. அவர்கள் செட்டி வம்சம், பல தலைமுறைக்கு முன்பே மலாக்காவில் வேரூன்றியவர்கள். சாமி நம் சாமி, பெயர் நம் பெயர், நெற்றியில் திருநீறு. பேசுவது மட்டும் மலாய். கெபாயா உடுத்தி, வெற்றிலை மென்று, தாத்தாவை “அண்ணே” என்று கூப்பிடுவார் மாக் மீனா. அந்த ஒரு சொல்லை விட்டால் அவருக்குத் தெரிந்த தமிழ் கோயிலோடு சரி. அவருடைய மகன் வேலு பிள்ளைக்கு அதுவும் தெரியாதாம். ஆனால் சப்பான்காரன் பெயரைப் பார்த்தான், தமிழன் என்று சயாமுக்கு லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டான். தமிழில் ஒரு வாய்த் தண்ணீர் கேட்கத் தெரியாத பிள்ளையைத் தமிழன் என்று கொண்டுபோன கொடுமையை நினைத்தால் எனக்கு இன்றும் ஆறவில்லை.

எங்கள் வீட்டுக்குத் தவிடு வாங்க வந்தாலும் முட்டை வாங்க வந்தாலும் மாக் மீனா கடைசியில் அந்தக் கேள்விக்கு வந்துவிடுவார். “அண்ணே, அங்கே என் பிள்ளையைப் பார்த்தாயா?” என்று மலாயில் கேட்பார். தாத்தா தலையைக் குனிந்துகொண்டு, “தா நம்பா” என்பார். பார்க்கவில்லை என்று அர்த்தம். எத்தனை முறை கேட்டாலும் அதே பதில்தான். அவரும் சலிக்காமல் கேட்பார்.

பொங்கலுக்கு முதல் நாள் செட்டி வீடுகளில் “பார்ச்சு” நடக்கும். நம் வீட்டுப் படையல் மாதிரிதான். இறந்தவர்கள் ஒவ்வொருவருக்கும் பிடித்ததைச் சமைத்து, கூடத்தில் வாழை இலை விரித்துப் பரிமாறி, சாம்பிராணி காட்டி, “வந்து சாப்பிடுங்கள்” என்று அழைத்துவிட்டு எல்லோரும் வெளியே வந்து கதவைச் சாத்திவிடுவார்கள். வந்தவர்கள் நிம்மதியாகச் சாப்பிட வேண்டுமாம். மாக் மீனா கணவருக்கும் மாமனார் மாமியாருக்கும் வருடம் தவறாமல் இலை போடுவார். வேலுவுக்கு மட்டும் போட்டதில்லை. போட்டால் அவன் செத்துவிட்டான் என்று தானே சொன்னதாகிவிடும் அல்லவா?

அந்த வருடம் மகள் லெட்சுமிக்குக் கல்யாணம் நிச்சயமானது. வீட்டில் இறந்தவர் ஒருவரை அழைக்காமல் விட்டுவிட்டு நல்ல காரியம் செய்யக் கூடாது என்று மாக் மீனாவின் கொழுந்தன் முறைப் பெரியவர் கறாராகச் சொல்லிவிட்டார். மாக் மீனா பல நாள் யாரோடும் பேசவில்லை. பிறகு ஒரு காலையில் வேலியோரம் வந்து, வேலுவுக்கு வாத்துக்கறி என்றால் உயிர், நல்ல வாத்தாக ஒன்று வேண்டும் என்றார். தாத்தா இருந்ததிலேயே கொழுத்ததைப் பிடித்துக் கொடுத்தார். அது அம்மாவின் காலைக் கொத்தும் வாத்து, அதனால் எங்கள் வீட்டில் யாரும் மறுப்புச் சொல்லவில்லை.

பார்ச்சு அன்று மாலை தாத்தாவும் அம்மாவும் அவர்கள் வீட்டு முற்றத்தில் உறவினர்களோடு நின்றார்கள். சத்தம் போடக் கூடாது என்பதால் எங்களைக் கொல்லையிலேயே விட்டுவிட்டார்கள். வேலுவின் இலை வரிசையில் கடைசியாக, சமையற்கட்டை ஒட்டிப் போடப்பட்டிருந்தது. வேலு ஒருநாளும் முன்வாசல் வழியாக வீட்டுக்கு வந்தவனல்லவாம். பசியோடு பின்வாசலில் நுழைந்து நேரே சட்டியைத் திறப்பவனாம். அதனால் மாக் மீனா யாருக்கும் சொல்லாமல் பின்கதவை மட்டும் திறந்து வைத்திருந்தார்.

திடீரென்று பக்கத்து வீட்டில் ஒரே கூச்சல். வேலி இடுக்கில் நுழைந்து நாங்கள் ஓடினோம். கூடத்தில் மற்ற இலைகள் வைத்தபடியே இருக்க, வேலுவின் இடத்தில் இலையே இல்லை. வாத்துக்கறி தரையில் கொட்டிக் கிடந்தது. மாக் மீனா தலைமுடி அவிழ, அழுகையும் சிரிப்புமாக, “டியா தா மாவ்! அனா அகு ஹிடுப்!” என்று கத்திக்கொண்டிருந்தார். அவன் வேண்டாம் என்றுவிட்டான், என் பிள்ளை உயிரோடு இருக்கிறான் என்று அர்த்தம். உயிருக்கு உயிரான வாத்துக்கறியைத் தொடாமல் இலையை மட்டும் எடுத்துவிட்டான் என்றால் வேறென்ன, செத்தவர் வரிசையில் என்னை வைக்காதே என்கிறான் என்று ஒரு கிழவியும் ஒத்து ஊதினாள். அண்ணன் வரும்வரை கல்யாணம் வேண்டாம், காத்திருப்போம் என்று மாக் மீனா மகளின் கையைப் பிடித்துக்கொண்டார். லெட்சுமியின் முகம் வெளுத்துவிட்டது.

எனக்குச் சட்டென்று பொறி தட்டியது. தாத்தாவின் கைலியை இழுத்து, “தாத்தா, தொர பலா மரத்தடியில எல திங்கறான்” என்றேன். அவர் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது கையில் கிழிந்த வாழை இலைத் தண்டு இருந்தது. அம்மா வழிமறித்தார். “அப்பா, வேணாம். அது முகத்தைப் பாருங்க. இத்தனை வருசத்துல இப்பதான் சிரிக்குது. சும்மா இருங்க.”

 தாத்தா அம்மாவை விலக்கிவிட்டு உள்ளே போனார்.

“மீனா, வேலு இல்ல. கம்பிங் சாயா.” என் ஆடு என்றார்.

பெரியவர் கைத்தடியை ஓங்கினார். முன்னோர் இலையில் ஆடு வாய் வைப்பதென்றால் சாமானியக் குற்றமா? மாக் மீனா அவரைத் தடுத்துவிட்டு, தாத்தாவின் கையிலிருந்த தண்டைப் பார்த்தார். பிறகு மலாயில் கேட்டார்: “நீ வந்தாய் அண்ணே. அவன் மட்டும் ஏன் வரக் கூடாது?”

தாத்தா மலாயில்தான் தொடங்கினார். இரண்டு வார்த்தையிலேயே அது போதாமல் தமிழுக்கு வந்துவிட்டார். வாயைத் திறக்க வேண்டாம் என்று தடுத்த அம்மாவே பக்கத்தில் நின்று அதை மலாயில் சொல்ல வேண்டியதாயிற்று.

“ஏன் வந்தேன்னு எனக்கே தெரியலம்மா. அங்க செத்தவனையெல்லாம் பாயில சுருட்டிக் குழியில போட்டோம். பேரு கேக்க நேரமில்ல, மூஞ்சியப் பாக்க மனசில்ல. ஒரு புடி சோறு வைக்க நாதியில்ல. நான் மண்ணு தள்ளுன குழியில உம்புள்ள இருந்தானான்னு கேட்டா நான் என்னா சொல்லுவேன்? பாக்கலன்னு சொல்லிச் சொல்லித் தப்பிச்சிக்கிட்டேன். ஆனா ஒண்ணு தாயி, அங்க கெடக்கறவன்ல எவனுக்கும் எல போட ஆள் இல்ல. உம்புள்ளைக்கு இருக்கு. ஆடு தின்னுட்டா என்னா, இன்னொரு எல போடு.”

கடைசி வரியை அம்மா மலாயில் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் மாக் மீனா எழுந்துவிட்டார்.

தாத்தா எங்கள் வாழையில் தலைவாழை இலை ஒன்று அறுத்து வந்தார். மாக் மீனா சட்டியின் அடியில் மிஞ்சியிருந்த கறியை வழித்துப் பரிமாறி, இந்த முறை மகனின் பெயரைச் சொல்லி அழைத்தார். கதவு மறுபடி சாத்தப்பட்டது. பின்கதவு திறந்தேதான் இருந்தது; அங்கே தாத்தா துரையின் கொம்பைப் பிடித்துக்கொண்டு காவல் நின்றதைப் பார்த்து குணா சிரித்து, அம்மாவிடம் குட்டு வாங்கினான்.

கதவைத் திறந்தபோது வேலுவின் இலை வைத்தது வைத்தபடி இருந்தது. மாக் மீனா அதன் முன்னால் உட்கார்ந்து அழுதார். முன்பெல்லாம் அவர் அழுது பார்த்திருக்கிறேன், இது வேறு அழுகை. செத்த வீட்டில் அழுவதுபோல மாரில் அடித்துக்கொண்டு அழுதார். லெட்சுமியும் சேர்ந்து அழுதார். எல்லாம் ஓய்ந்த பிறகு மாக் மீனா தாத்தாவைக் கைப்பிடித்து அழைத்துவந்து அந்த இலையிலேயே உட்கார வைத்து, “மாக்கான், அண்ணே”, சாப்பிடு அண்ணே என்றார். தாத்தா சாப்பிட்டார். சோற்றோடு கண்ணீரும் இலையில் விழுந்ததை நான் பார்த்தேன். அதற்குப் பிறகு மாக் மீனா அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை.

தை பிறந்து கல்யாணம் நடந்தது. விருந்துக்குத் துரையை அறுத்துவிடலாம் என்று அம்மா நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். மாக் மீனா காதைப் பொத்திக்கொண்டார். என் பிள்ளையின் இலையில் சாப்பிட்டவன், அவன் மேல் கத்தி வைக்கக் கூடாது என்றுவிட்டார். அவ்வளவுதான், அதன்பின் துரைக்கு இருந்த கொஞ்சநஞ்ச அடக்கமும் போயிற்று. மெர்டேக்கா வந்து, வெள்ளைக்காரத் துரைகளெல்லாம் கப்பலேறிய பின்பும் அவன் இரண்டு வீட்டுக் கீரையையும் தின்று கிழடாகித்தான் செத்தான்.

எங்கள் கொல்லை இருந்த இடத்தில் இப்போது கார்கள் நிற்கின்றன. நான் குருபோங்கில் வரிசை வீடொன்றில் இருக்கிறேன். என் பேரப்பிள்ளைகளுக்கு ஆட்டைக் கறியாக மட்டுமே தெரியும். தாத்தா போய்ச் சேர்ந்தார், மாக் மீனாவும் போய்ச் சேர்ந்தார். செட்டி கம்பம் என்ற அந்தக் குடியிருப்பில் அவருடைய வீடு மட்டும் இருக்கிறது, லெட்சுமியின் பிள்ளைகள் பார்ச்சு நடத்துகிறார்கள். வேலுவின் இலைக்கு அடுத்து மாக் மீனாவின் இலை, அதற்கடுத்து எந்த உறவுமில்லாத எங்கள் தாத்தாவுக்கு ஓர் இலை. வருடா வருடம் எனக்குச் சொல்லி அனுப்புவார்கள். நானும் போய் முற்றத்தில் நிற்பேன்.

பின்கதவை இப்போதும் திறந்துதான் வைக்கிறார்கள். உள்ளே நுழைய ஊரில் ஓர் ஆடு இல்லை. கதவைத் திறந்து பார்க்கும்போது எல்லா இலையும் வைத்தது வைத்தபடியே இருக்கிறது. எனக்கு அது கொஞ்சம் வருத்தமாகத்தான் இருக்கிறது.