துப்பாக்கிக்குப் போட்ட எண்ணெய்

மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய்க் குப்பி உறைந்து கிடந்தது. அம்மாவின் தலைக்குத் தேய்ப்பதற்காக அதை வெயிலில் சாய்த்து வைத்தேன். இளகி வாசம் ஏறியதும், ஆழ்வார்குறிச்சி வீட்டுப் பீரோ எனக்குள் கிறீச்சென்று திறந்துகொண்டது.

அந்தப் பீரோவில் அப்பாவின் லைசென்ஸ் கைத்துப்பாக்கி இருந்தது. உள்ளங்கைக்குள் அடங்கும் பழைய சீமைச் சரக்கு. தேர்தல் வந்தால் அதைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைப்பார். திரும்பி வாங்கியதும் யாராவது சுட்டிருப்பார்களோ என்று குழலை முகர்ந்து பார்ப்பார். யாரையும் நம்பாத மூக்கு அது. மாதம் ஒருமுறை அம்மாதான் துப்பாக்கியைத் துடைத்து, தையல் மிஷின் எண்ணெய் விடுவாள்.

ஒரு மார்கழியில், எங்கள் வயல் மடையை மாமா அடைத்துவிட்டதாக அப்பாவுக்குச் சந்தேகம் வந்தது. விடிந்ததும் பீரோவைத் திறந்தார்.

"இன்னைக்கு அவன் இருக்கணும், இல்ல நான் இருக்கணும்."

துப்பாக்கியின் மேல்பகுதியைப் பின்னால் இழுத்தார். அசையவில்லை. இடுக்கெல்லாம் எண்ணெய் வெள்ளையாக இறுகியிருந்தது.

"உன் தம்பி வேலைதாம்ளா இது! நேத்து இங்கன வந்தாம்லா?"

அம்மா துப்பாக்கியை வாங்கிப் பழையபடி பீரோவில் வைத்துப் பூட்டினாள். அதன்பின் மாமாவை அப்பா எங்கள் வாசல் மிதிக்க விடவில்லை. மாமா எழுபது வயதுவரை வாழ்ந்தார்.

இப்போது அம்மாவின் உச்சியில் எண்ணெய் வைத்துக்கொண்டே கேட்டேன். "அன்னிக்கு மிஷின் எண்ணெய் தீந்துபோச்சாம்மா?"

"குப்பி நெறைய இருந்துச்சு," என்றாள். "பைய தேய்ட்டி."